நாவூவிலிருந்து மாண்டி வரை: ஏழாவது மனைவியின் வழியில்

செவ்வாய், நாவூ

சிகாகோவில் அக்கா வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பினோம். அத்தான் வண்டி ஓட்டினார், அக்கா தயிர்சாத டப்பாவைக் கவிழாமல் மடியில் பிடித்துக்கொண்டாள், நான் பின் இருக்கையில், ஒருவருக்கு ஏழாவது மனைவியாக வாழ்ந்த மார்மன் பத்திரிகை ஆசிரியர் எம்மலின் வெல்ஸின் நாட்குறிப்பைக் கைபேசியில் படித்துக்கொண்டு வந்தேன். வழி முழுக்கச் சோளமும் சோயாவும்தான். மதியத்துக்கு மேல் மிசிசிப்பி தெரிந்தது. ஆறு பெரிதாக வளைகிற இடத்தில், அந்த வளைவுக்குள் அடங்கியிருக்கிறது நாவூ. இன்று ஏறக்குறைய ஆயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். 1840-களின் நடுவில் இங்கே பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஜோசப் ஸ்மித் தொடங்கிய புதுக் கிறிஸ்தவப் பிரிவினரான மார்மன்கள், மிசௌரியிலிருந்து துரத்தப்பட்டு, 1839-ல் இந்தச் சதுப்பு நிலத்தை வாங்கி ஊராக்கினார்கள். எம்மலின் வந்தது 1844-ல். பிறந்தது மாசசூசெட்ஸில், 1828 பிப்ரவரி 29 அன்று. அம்மா புது மதத்தில் சேர, மகளுக்கும் பதினான்கு வயதில் ஞானஸ்நானம். பதினைந்தில் தன் வயதுப் பையனான ஜேம்ஸ் ஹாரிஸுடன் கல்யாணம். மாமனார் மாமியாரோடு நாவூ வந்து இறங்கிய அந்த ஒரே வருடத்தில் என்னென்ன நடந்தன என்று பாருங்கள். ஜூன் 27 அன்று பக்கத்து ஊரான கார்தேஜின் சிறையில் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. செப்டம்பரில் எம்மலினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில வாரங்களில் இறந்தது. மாமனாரும் மாமியாரும் மதத்தை விட்டே விலகி ஊரைக் காலி செய்தார்கள். நவம்பரில் ஜேம்ஸ் வேலை தேடிப் படகேறினான். அப்புறம் திரும்பி வரவேயில்லை.

அவளுக்கு அப்போது பதினாறு வயது.

ஜேம்ஸ் கப்பல் வேலைக்குப் போய்விட்டான், 1859-ல் பம்பாயில் இறந்தான். அந்த வரியைப் படித்தபோது கைபேசியை அக்காவிடம் நீட்டினேன். “நம்ம பம்பாயா?” என்றாள். ஆமாம், அதே பம்பாய்தான். அவன் மனைவிக்கு எழுதிய கடிதங்களை மாமியார் அவளிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்து, கிழவி இறந்த பிறகு, எம்மலின் அவற்றைப் பார்த்தார். சீரியலில் வந்தால் மிகையாக இருக்கிறது என்போம்.

சரி, நாவூவில் தனியாக நின்ற அந்தப் பெண் என்ன செய்தாள்? குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அவளிடம் படித்த பிள்ளைகளில் நியூவெல் விட்னியின் பிள்ளைகளும் உண்டு. விட்னி சபையின் பெரிய மனிதர், பிஷப், ஐம்பது வயது. ஏற்கெனவே மனைவி உள்ள அவருக்கு 1845-ல் எம்மலின் இரகசியமாக இன்னொரு மனைவியானாள். மாப்பிள்ளையின் மகள் சாரா ஆன் மணப்பெண்ணைவிட மூன்று வயது மூத்தவள். அந்த சாரா ஆனே பதினேழு வயதில் ஜோசப் ஸ்மித்துக்கு மனைவியாக்கப்பட்டவள்.

செங்கல் கடை என்று ஒரு கட்டடம் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிறது. பழையது இடிந்து, 1980-ல் அதே இடத்தில் திரும்பக் கட்டியது. இதன் மாடியில்தான் 1842 மார்ச் 17 அன்று ரிலீஃப் சொசைட்டி என்ற சபைப் பெண்களின் சங்கம் தொடங்கியது. தலைவி ஜோசப்பின் மனைவி எம்மா. செயலாளர் எலைஸா ஸ்னோ. சில மாதங்களுக்குள் எலைஸாவும் ஜோசப்பின் மனைவியானார், இரகசியமாக. அந்தக் கூட்டங்களில் எம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்த பெண்களில் யார் யார் தன் சக்களத்தி என்பது அவருக்கு முழுதாகத் தெரியாது. ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவியர் வரை இருந்திருக்கலாம் என்று சபையே 2014-ல் ஒப்புக்கொண்டது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பாட்டி ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊழியத்துக்காகக் கணவரோடு வந்திருக்கிறார். நான் கேட்டதும் மழுப்பவில்லை. “என் கொள்ளுப்பாட்டியின் அம்மா மூன்றாவது மனைவி. அவர் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் எனக்கு அது பிடிக்குமா என்று கேட்காதே” என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பக்கத்தில் பெண்களுக்கான நினைவுத் தோட்டம், 1978-ல் திறந்தது. வெண்கலச் சிலைகள்: பிள்ளைக்குப் பாடம் சொல்லும் தாய், தைக்கும் பெண், ஜோசப்பும் எம்மாவும். ஒரே கணவரின் இரண்டு மனைவியர் சேர்ந்து நிற்கும் சிலை ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் அது இல்லாதது விட்டுப்போனது என்று நான் நம்பத் தயாரில்லை.

சாயங்காலம் பார்லி தெருவில் ஆறு வரை நடந்தோம். 1846 பிப்ரவரியில் மார்மன்கள் வெளியேறிய தெரு. தொடக்கத்தில் போனவர்கள் படகில் கடந்தார்கள். மாதக் கடைசியில் ஆறு உறைந்துவிட்டது, விட்னி குடும்பத்தோடு எம்மலின் பனிக்கட்டி மேல் அக்கரை சேர்ந்தார். விட்னியின் மூத்த மனைவி எலிசபெத் ஆன் கூடவே வண்டியில். அவரைத்தான் எம்மலின் வாழ்நாள் முழுக்கத் தாய்போல நினைத்தார். பிற்பாடு தன் மகள் ஒருத்திக்கு எலிசபெத் ஆன் என்றே பெயர். நம் ஊர்க் கதைகளில் மூத்தாள் இளையாளை இப்படி அணைத்துக்கொள்வதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புதன், ஒமாஹா

அயோவாவைக் குறுக்கே வெட்டி வர எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. சேறு, மழை, வண்டியிலேயே பிரசவம்.

ஒமாஹாவின் வடக்கே, மிசௌரி ஆற்றோரம், அவர்கள் 1846 குளிர்காலத்தைக் கழித்த இடம் வின்டர் குவார்ட்டர்ஸ். மரக்கட்டைக் குடில்களும் மண்ணைத் தோண்டிய பொந்துகளுமாக ஒரு ஊர். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நாவூவில் தங்கிப் பிறகு துரத்தப்பட்டு வந்த எம்மலினின் அம்மாவும் அந்த வருடம் போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலை: பனிக்காற்றில் கணவனும் மனைவியும், காலடியில் குழந்தையின் குழி. 1936-ல் வைத்தது. பக்கத்திலேயே 2001-ல் கட்டிய கோயில், வெள்ளை வெளேரென்று.

இங்கும் எம்மலின் பள்ளி நடத்தினார். எங்கே போனாலும் அந்தப் பெண்ணுக்குப் பிழைப்பு அதுதான்.

அருங்காட்சியகத்தில் அத்தான் வண்டிச் சக்கரத்தின் அச்சைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றார். சபை நடத்தும் இடங்களில் காபி, டீ கிடையாது, மதம் அனுமதிப்பதில்லை. வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது காபிக் கடைக்கு வழி.

வெள்ளி, வயோமிங்கில் எங்கோ

நேற்றும் இன்றும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நெப்ராஸ்கா முழுக்க பிளாட் ஆறு கூடவே வருகிறது, வயோமிங் முழுக்கக் காற்று. எம்மலின் இந்த வழியாக 1848-ல் போனார். அக்டோபரில் யூட்டாவின் சால்ட் லேக் சேர்ந்து, நவம்பர் தொடக்கத்தில் வண்டிக்குள்ளேயே முதல் மகள் இசபெல்லைப் பெற்றார்.

சனி, சால்ட் லேக் சிட்டி

இந்த ஊரைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

காலையில் டெம்பிள் சதுக்கம். பெரிய கோயில் புதுப்பிப்பில் இருக்கிறது, சாரமும் கிரேனுமாக நிற்கிறது. கிழக்கே சில அடி நடந்தால் லயன் ஹவுஸ். ஜோசப்புக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகம் யங் 1850-களில் தன் மனைவியருக்காகக் கட்டிய வீடு. மாடியில் வரிசையாக இருபது முக்கோணக் கூரை ஜன்னல்கள், பக்கத்துக்குப் பத்து. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னும் ஒரு அறை. அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “லேடீஸ் ஹாஸ்டல் மாதிரி இருக்குடி” என்றாள்.

எம்மலினின் கணவர் விட்னி 1850 செப்டம்பரில் இறந்தார். இரண்டாவது மகள் பிறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வயதில் விதவை, கையில் இரண்டு பெண் குழந்தைகள். மறுபடி பள்ளிக்கூடம். 1852-ல் அவரே ஒரு கடிதம் எழுதினார். விட்னியின் நண்பர் டேனியல் வெல்ஸுக்கு: நண்பரின் மனைவி தனித்து நிற்கிறாள், நீங்கள் யோசிக்க வேண்டும் என்கிற பொருளில். அந்த அக்டோபரில் கல்யாணம். அவருக்கு ஏழாவது மனைவி. பலதார மணத்தைச் சபை வெளிப்படையாக அறிவித்தது அதே வருடம் ஆகஸ்டில். பதினாறு வயதில் இரகசியமாகச் செய்ததை இருபத்துநான்கு வயதில் ஊரறியச் செய்தார்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைய பதிவு புரியாது. மார்மன் நம்பிக்கையில் கோயிலில் செய்யும் திருமணம் சாவோடு முடிவதில்லை. அதை முத்திரையிடுவது என்பார்கள், மறுமையிலும் அது தொடரும். எம்மலின் அப்படி முத்திரையிடப்பட்டது விட்னிக்கு. வெல்ஸுடனான திருமணம் இவ்வுலகத்துக்கு மட்டும். வெல்ஸுக்கு அவர் பெற்ற மூன்று பெண்களும் மறுமையில் விட்னியின் பிள்ளைகளாகத்தான் கணக்கு. வெல்ஸ் அதைத் தெரிந்தேதான் மணந்தார். நண்பரின் விதவைக்குச் செய்கிற கடமை.

கடமை என்றால் அதற்கேற்ற அளவுதான் கிடைக்கும். வெல்ஸ் சாதாரண ஆள் இல்லை. யங்கின் ஆலோசகர், படைத்தலைவர், பத்து வருடம் இந்நகர மேயர். மெயின் தெருவும் சவுத் டெம்பிள் தெருவும் சந்திக்கும் முனையில் அவருடைய பெரிய வீடு இருந்தது. மற்ற மனைவியர் அங்கே. எம்மலினுக்குச் சில தெரு தள்ளித் தனிச் சிறு வீடு. அந்த முனையில் நின்று பார்த்தேன். இப்போது உயரமான அலுவலகக் கட்டடம், டிராம் மணியடித்துக்கொண்டு திரும்புகிறது. இங்கிருந்து அவர் வீட்டுக்கு நடந்தால் சில நிமிடம். அந்தச் சில நிமிடத் தூரத்தை வெல்ஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை கடந்தார் என்பதைத்தான் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே போகிறது.

1846-க்குப் பிறகு நமக்குக் கிடைக்கும் நாட்குறிப்பு 1874-ல்தான் மறுபடி தொடங்குகிறது. அதற்குள் அவருக்கு நாற்பத்தாறு வயது. அந்த ஆண்டுப் பதிவொன்றில், கணவர் தன்னைக் கொஞ்சமாவது நேசிக்கக்கூடாதா, அவரைச் சுற்றி எங்கும் அன்பு இருக்கிறது, நான்தான் வெளியே தள்ளப்பட்டிருக்கிறேன் என்று ஏங்குகிறார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து.

அதே பெண்தான் 1872-ல் தொடங்கிய ‘உமன்ஸ் எக்ஸ்போனன்ட்’ என்ற பெண்கள் பத்திரிகையில் எழுதத் தொடங்கி, 1877-ல் ஆசிரியராகி, 1914-ல் அது நிற்கும் வரை நடத்தினார். அதில், பலதார மணம் பெண்ணைத் தாழ்த்துவதில்லை, அவளுக்குச் சிந்திக்க நேரம் தருகிறது, செயல்படச் சுதந்திரம் தருகிறது, வேறெந்த மணமுறையையும்விட அவளைத் துணையாக்குகிறது என்று வாதாடினார்.

ராத்திரி ஹோட்டல் அறையில் இதை வைத்து எனக்கும் அக்காவுக்கும் பெரிய விவாதம். “பொய் சொல்லியிருக்கா, அவ்வளவுதான். வெளியில விட்டுக்கொடுக்க முடியல” என்பது அக்கா கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேரம் கிடைத்தது என்று அவர் எழுதியது உண்மைதான்; கணவர் வராத வீட்டில் நேரம் கிடைக்கத்தான் செய்யும். 1870-களில் வெல்ஸின் வரவு செலவு தள்ளாட, தன் பெண்களைத் தானே காப்பாற்ற வேண்டிய நிலை. அவரைச் சுதந்திரமாக்கியது பலதார மணம் அல்ல, அது கொடுக்காமல் விட்டதை ஈடுகட்ட அவர் செய்த வேலை. எம்மலின் கிடைத்த பலனை எழுதும்போது அதன் காரணத்தை மாற்றி எழுதிவிட்டார் என்பேன். பொய் என்று சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே மேசையில், ஒரே கையால் எழுதப்பட்டவை.

விரும்பியிருந்தால் அவர் விலகியிருக்கலாமா? சபை முறைப்படி அவ்வளவு கடினமில்லை. யங் தன் காலத்தில் 1,600-க்கும் மேற்பட்ட விவாகரத்துகளுக்குக் கையெழுத்திட்டார். பெண் கேட்டால் பெரும்பாலும் தந்துவிடுவார். யங்கின் மனைவியரில் ஒருவரான ஆன் எலைஸா 1873-ல் அவர் மேலேயே வழக்குப் போட்டு, ஊர் ஊராகப் போய் அந்த வாழ்க்கையைத் தாக்கிப் பேசினார். வெளியுலகம் கைதட்டிக் கேட்டது ஆன் எலைஸாவைத்தான். எம்மலின் போகவில்லை. நம்பினார். அதோடு, வெல்ஸை உண்மையிலேயே நேசித்தார் என்பதுதான் சிக்கல்.

ஞாயிறு, மாண்டி

சால்ட் லேக்கிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரம். ஞாயிறு என்பதால் வழியில் முக்கால்வாசிக் கடைகள் மூடியிருந்தன. காரிலிருந்த ரொட்டியும் ஊறுகாயும்தான் சாப்பாடு. மாண்டி ஒரு சின்ன ஊர், ஆனால் பல மைல் தூரத்திலிருந்தே கோயில் தெரிகிறது. குன்றின் மேல், மஞ்சள் பாயும் சுண்ணாம்புக்கல். 1888-ல் திறந்தது. சபையினர் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, ஞாயிறு அவர்களுக்கும் கிடையாது. வெளியே புல்தரையில் சுற்றினோம்.

வயதான வெல்ஸை இந்தக் கோயிலுக்குத் தலைவராக அனுப்பினார்கள். பெரிய வீடு கைவிட்டுப் போயிருந்தது. எம்மலினின் இரண்டு பெண்கள், எம்மி 1878-லும் லூயி 1887-லும், இறந்திருந்தார்கள். இந்தக் கடைசி வருடங்களில்தான் வெல்ஸும் எம்மலினும் முதன்முறையாக நெருங்கினார்கள். எம்மலின் இங்கே வந்து அவரோடு நாட்களைக் கழித்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வாசலில் காத்திருந்த பெண்ணுக்கு அறுபது வயதில் கணவர் கிடைத்தார். 1891 மார்ச்சில் அவர் இறந்த பிறகு எழுதிய பதிவில், வருவதும் போவதும் கதவருகே பிரிவதுமான நினைவுகள்தான் மிச்சம் என்கிறார். பிற்காலத்தில் அவர் காட்டிய அன்பு பழைய நாட்களிலிருந்து எவ்வளவு மாறுபட்டது என்றும் எழுதுகிறார்.

எனக்கு அதைப் படித்துக் கோபம்தான் வந்தது, எம்மலின் மேல் அல்ல. அதோடு முத்திரைக் கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் நம்பிக்கைப்படியே மறுமையில் அவர் போய்ச் சேர வேண்டியது விட்னியிடம், ஐந்து வருடம் வாழ்ந்த, தன்னைவிட முப்பத்துமூன்று வயது மூத்தவரிடம். வெல்ஸோடு அவருக்கு இருந்தது இந்த உலகம் மட்டும், அதிலும் கடைசிச் சில வருடம்.

அக்கா புல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, நேற்றைய தன் கட்சியை மாற்றிக்கொள்ளாமலே, “பாவம்டி” என்று மட்டும் சொன்னாள்.

திங்கள், மறுபடி சால்ட் லேக்

இன்று முழுக்க, மாநிலச் சட்டமன்றம் இருக்கும் கேப்பிட்டல் குன்றில். எதிரே கவுன்சில் ஹால் என்ற பழைய மன்றக் கட்டடம், முன்பு ஊருக்குள் இருந்ததைக் கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். 1870 பிப்ரவரி 14 அன்று யூட்டா பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டது இதில்தான். ஓட்டுக் கொடுத்தால் பெண்களே பலதார மணத்தை ஒழித்துவிடுவார்கள் என்று கிழக்கே சிலர் நினைத்தார்கள். நடக்கவில்லை.

1879 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் பலதார மணம் மத சுதந்திரத்தில் வராது என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் எம்மலின் வாஷிங்டனில், பெண் வாக்குரிமை மாநாட்டில். ஜனாதிபதி ஹேய்ஸைச் சந்தித்து, எங்கள் குடும்பங்களைக் குலைக்காதீர்கள் என்று கேட்டார். கேட்டவருடைய குடும்பம் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் சட்டம் இறுகினால் முறையற்ற பிள்ளைகள் என்று பெயர் வாங்கப் போவது ஆயிரக்கணக்கான குழந்தைகள். அதற்காகத்தான் போனார்.

சட்டம் இறுகத்தான் செய்தது. 1882-க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சிறைக்குப் போனார்கள். கர்ப்பமான மனைவியர் சாட்சியாகிவிடக் கூடாதென்று ஊர் ஊராக ஒளிந்தார்கள். மருத்துவர் மார்த்தா ஹியூஸ் கேனன் கைக்குழந்தையோடு இங்கிலாந்து வரை ஓடினார். 1887-ல் வந்த எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் யூட்டா பெண்களின் ஓட்டையே பறித்தது, கணவனுக்கு ஒரே மனைவியாக இருப்பவள், கல்யாணமே ஆகாதவள் உட்பட எல்லாப் பெண்களுக்கும். 1890 செப்டம்பரில் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் புதிய பலதார மணங்களை நிறுத்தும் அறிக்கையை வெளியிட்டார். ஏற்கெனவே மனைவியாக இருந்தவர்களை என்ன செய்வதென்று அதில் இல்லை. பலர் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை என்று மீதி வாழ்க்கையை ஓட்டினார்கள்.

1896-ல் மாநிலமானபோது ஓட்டு திரும்ப வந்தது. அந்த வருடமே மாநில செனட் தேர்தல். ஜனநாயகக் கட்சியில் மார்த்தா நின்றார். எதிர்க் குடியரசுக் கட்சிப் பட்டியலில் அவர் கணவர் ஆங்கஸ், அதே பட்டியலில் நம் எம்மலினும். மார்த்தா ஜெயித்து நாட்டின் முதல் பெண் மாநில செனட்டரானார். கணவரும் எம்மலினும் தோற்றார்கள். இதைக் கேட்டு அத்தான் சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

வெல்ஸ் இறந்த பிறகு எம்மலின் இன்னும் முப்பது வருடம் இருந்தார். 1876-லேயே யங் அவரிடம் தானியம் சேமிக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தார். பெண்கள் அறுவடை முடிந்த வயலில் சிந்தியதைப் பொறுக்கித் தொடங்கிய சேமிப்பு அது. 1918-ல் போர்க்காலத்தில் இரண்டு லட்சம் புஷலுக்கு மேல் கோதுமையை அரசுக்கு விற்றார்கள். மறுவருடம் இவ்வூருக்கு வந்த ஜனாதிபதி வில்சன் நேரில் வந்து நன்றி சொன்னார். எம்மலின் 82 வயதில் ரிலீஃப் சொசைட்டித் தலைவியானார். அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர்களை யாரும் விடுவித்ததில்லை. 1921 ஏப்ரல் தொடக்கத்தில், 93 வயதில், இவரை விடுவித்தார்கள். மனசு உடைந்துபோனார். அந்த மாதம் 25-ஆம் தேதி இறந்தார்.

1928-ல், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு, யூட்டா பெண்கள் கேப்பிட்டலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். ‘எங்களுக்குத் தொண்டு செய்த உயர்ந்த ஆன்மா’ என்ற பொருளில் கீழே ஒரு வரி. எம்மலின் படித்திருந்தால் ஒரு திருத்தம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். பத்திரிகை ஆசிரியர் ஆயிற்றே, பத்திரிகையின் பெயரை விட்டுவிட்டீர்களே என்றிருப்பார்.

நாளை விமானம், அக்காவும் அத்தானும் காரிலேயே திரும்புகிறார்கள். எம்மலினின் 47 நாட்குறிப்புத் தொகுதிகளையும் சபையின் வரலாற்றுப் பதிப்பகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ‘எக்ஸ்போனன்ட்’ இதழ்களும் கிடைக்கின்றன. முதலிலிருந்து தொடங்கினால் சீக்கிரம் அலுத்துவிடும், வானிலையும் விருந்தாளிப் பட்டியலுமாகப் பக்கங்கள் போகும். 1874 செப்டம்பரில் தொடங்குங்கள். பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் அவர் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு.